ஜப்பானில் குளிர்கால விடுமுறை: தோட்டம், கோயில், சைவச் சாப்பாடு, படிப்படியாக

இரண்டு குளிர்காலங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு ஜப்பான் போய் வந்த பிறகு இதை எழுதுகிறேன். முதல் பயணத்தில் தேதியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தோம், சாப்பாட்டு விஷயத்திலும் பெரிய தவறு செய்தோம். இரண்டாம் பயணத்தில் இரண்டையும் சரிசெய்த பின்புதான் அந்த நாட்டின் குளிர்காலம் எவ்வளவு அழகானது என்பது புரிந்தது. விசா, விமானச் சீட்டு, பணம் மாற்றுவது ஆகியவற்றைப் பற்றி வேறு பலர் எழுதியிருக்கிறார்கள் என்பதால் அவற்றைத் தொடவில்லை. தோட்டங்களையும் கோயில்களையும் நிதானமாகப் பார்த்து, மீனும் இறைச்சியும் இல்லாமல் வயிறு நிறையச் சாப்பிட்டு வருவதற்கான வழியை மட்டும் சொல்கிறேன்.

முதல் படி: தேதி

நமக்கு வசதியான விடுமுறை டிசம்பர் கடைசி வாரம். ஜப்பானியர்கள் கடைகளைச் சாத்திவிட்டுச் சொந்த ஊருக்குப் போவதும் அந்த நாட்களில்தான். ஏறத்தாழ டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை குடும்பமாக நடத்தும் சிறிய உணவகங்களும் அருங்காட்சியகங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும். கியோத்தோவில் அரச குடும்ப நிர்வாகத்தின் கீழ் உள்ள கட்சுரா, ஷுககுயின் ஆகிய இரண்டு தோட்டமாளிகைகளும் டிசம்பர் 28 முதல் ஜனவரி 4 வரை திறக்கப்படுவதில்லை. அவற்றுக்கு முன்பதிவு செய்துகொள்வதும் நல்லது. இது தெரியாமல் நாங்கள் முதல் முறை டிசம்பர் 29 அன்று கியோத்தோவில் இறங்கினோம்.

என் பரிந்துரை ஜனவரி நடுப்பகுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை. கூட்டம் குறைந்திருக்கும், பனி விழும் வாய்ப்பும் அதிகம். இதோடு இன்னொரு நன்மையும் உண்டு: ஆண்டுதோறும் ஜனவரி முதல் மார்ச் வரை, வழக்கமாகப் பொதுமக்களுக்குத் திறக்காத சில கோயில்களையும் அவற்றின் தோட்டங்களையும் 'கியோ நோ ஃபுயு நோ தபி', அதாவது கியோத்தோவின் குளிர்காலப் பயணம் என்ற பெயரில் திறந்துவிடுகிறார்கள். எந்தெந்தக் கோயில்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

டிசம்பர்தான் முடியும் என்பவர்கள் மாதத் தொடக்கத்தில் போகலாம். புத்தர் ஞானம் பெற்ற நாளையொட்டி, கியோத்தோவின் செம்போன் ஷகாதோ கோயிலில் டிசம்பர் 7, 8 தேதிகளில் பெரிய கொப்பரைகளில் முள்ளங்கியை வேகவைத்து வருவோருக்கெல்லாம் கொடுக்கிறார்கள். ஆண்டுக் கடைசியில் மாட்டிக்கொண்டவர்கள் டிசம்பர் 31 இரவு ஏதாவது ஒரு கோயிலில் மணியோசை கேட்க நில்லுங்கள். மனிதனின் 108 மனமாசுகளுக்காக 108 முறை அடிப்பார்கள். கியோத்தோவின் சியோன்-இன் கோயிலின் மணி 1636 இல் வார்க்கப்பட்டது, ஏறத்தாழ 70 டன் எடையுள்ளது. அதை அடிக்க 17 துறவிகள் சேர்ந்து கயிறு இழுக்கிறார்கள்.

இரண்டாம் படி: ஊர்களும் பயணமும்

ஒரு வாரம் என்றால் கியோத்தோவில் நான்கு இரவு, ஜப்பான் கடலோரத்தில் உள்ள கனஸவாவில் இரண்டு, கோயாசான் மலையில் ஒன்று போதும். டோக்கியோவைச் சேர்க்க ஆசைப்படாதீர்கள், அது வேறு பயணம். நாடு முழுவதற்குமான ரயில் பாஸை இந்த வழிக்கு வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2023 அக்டோபரில் 7 நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது, இந்த ஊர்களுக்குத் தனித்தனியாகச் சீட்டு எடுத்தாலே செலவு அதைவிடக் குறைவு. உள்ளூர் ரயிலுக்கும் பேருந்துக்கும் முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளும் ஒரு இக்கோக்கா அட்டை போதும்.

மூன்றாம் படி: தோட்டங்களுக்கு நேரம் ஒதுக்குவது

டிசம்பர் கடைசியில் கியோத்தோவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. பல கோயில்கள் நாலரை மணிக்கே வாசலை அடைத்துவிடும். ஆகவே காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, அவ்வளவுதான் ஒரு நாளுக்கு. நடக்கும் தோட்டத்தையும் உட்கார்ந்து பார்க்கும் தோட்டத்தையும் ஒரே நாளில் இணைத்துக்கொண்டால் காலுக்கும் கண்ணுக்கும் ஓய்வு கிடைக்கும்.

உட்கார்ந்து பார்க்கும் தோட்டங்களுக்கு கியோத்தோவின் ரியோவான்ஜி கோயிலைத்தான் முதலில் சொல்வேன். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காலை 8.30 மணிக்குத் திறக்கிறார்கள், அந்த நேரத்துக்கே வாசலில் இருங்கள். வெண்சரளை பரப்பிக் கோடு இழுத்த, ஏறத்தாழ 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள முற்றத்தில் 15 கற்கள் ஐந்து தொகுதிகளாகக் கிடக்கின்றன. தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது மற்றொன்றின் பின்னால் மறைந்துவிடும். அம்மா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்ந்து நகர்ந்து எண்ணிப் பார்த்தார்கள், பதினான்குக்கு மேல் வரவில்லை. முந்தைய இரவு விழுந்த பனி சரளையின் பள்ளங்களில் மட்டும் தங்கியிருந்ததால், வழக்கமாக மங்கலாகத் தெரியும் கோடுகள் கோலமாவில் இழுத்தது போலத் துலங்கின. பத்து மணிக்குள் அது கரைந்துவிட்டது. கியோத்தோ நகரில் பனி நெடுநேரம் தங்குவதில்லை. ஆகையால் இரவில் பனி விழுந்தால், மறுநாள் திட்டம் எதுவானாலும் ஒத்திவைத்துவிட்டு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

இங்கெல்லாம் காலணியைக் கழற்றிவிட்டு, சூடேற்றாத மரத்தரையில் நடக்க வேண்டும் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. தடித்த கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, எளிதில் கழற்றி மாட்டும் காலணி, மருந்துக் கடையில் கிடைக்கும் 'கைரோ' என்னும் ஒட்டுச் சூட்டுப்பை ஆகிய மூன்றும் அவசியம். கைரோவை நேரடியாகத் தோலில் ஒட்டாமல் உள்ளாடையின் மேல் ஒட்டுங்கள்.

பனியோடு ஒரு தோட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் கனஸவாவில் உள்ள கென்ரோக்குவென் போக வேண்டும். அந்தக் கடற்கரைப் பகுதியின் பனி ஈரமும் கனமும் உள்ளது, ஒரே இரவில் பைன் கிளைகளை முறித்துவிடும். அதைத் தடுக்க ஒவ்வோராண்டும் நவம்பர் 1 ஆம் தேதி 'யுகித்சுரி' வேலையைத் தொடங்குகிறார்கள். மரத்தைவிட உயரமான கம்பத்தை நட்டு, அதன் உச்சியிலிருந்து வைக்கோல் கயிறுகளை இறக்கி, கிளை கிளையாகத் தூக்கிக் கட்டுகிறார்கள். குளத்தோரம் நிற்கும் கரசகி பைன் மரம் ஒன்றுக்கு மட்டும் ஐந்து கம்பங்கள், ஏறத்தாழ 800 கயிறுகள். பக்கத்தில் போய் அண்ணாந்து பாருங்கள். எந்தக் கயிறும் தொய்வாக இல்லை, அதே வேளையில் எதுவும் கிளையை வலிந்து இழுக்கவும் இல்லை. ஒரு மரத்தைக் காப்பாற்ற மனிதர்கள் இவ்வளவு பொறுமையாக உழைப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த ஊரில் ஒரு சொலவடை உண்டு: சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே. அதை அப்படியே கடைப்பிடியுங்கள்.

நான்காம் படி: சாப்பாடு

முதல் பயணத்தில் நாங்கள் தவறியது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கியோத்தோவின் குளிர்கால உணவில் புகழ்பெற்றது யுதோஃபு. மண்சட்டியின் அடியில் 'கொம்பு' என்னும் காய்ந்த கடற்பாசித் துண்டைப் போட்டு, தண்ணீரை மெல்லச் சூடாக்கி, அதில் டோஃபுவை இறக்கி, அது சட்டிக்குள் லேசாக அசையத் தொடங்கும்போது துளைக்கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவது. பௌத்தக் கோயில்களைச் சுற்றி வளர்ந்த உணவு என்பதாலும், சட்டியில் டோஃபுவும் தண்ணீரும் பாசியும் தவிர வேறெதுவும் இல்லை என்பதாலும், ஒரு கோயிலுக்கு அருகிலிருந்த கடையில் நம்பிக்கையோடு உட்கார்ந்தோம். அம்மா ஒரு துண்டைத் தொட்டுக்கொள்ளும் சாறில் தோய்த்து வாயில் வைத்தவர்கள், அப்படியே கையை நிறுத்திவிட்டார்கள். கருவாட்டு வாசம். பரிமாறிய பெண்மணியிடம் மீன் உண்டா என்று கேட்டபோது இல்லவே இல்லை என்றுதான் சொன்னார், அவர் பொய் சொல்லவும் இல்லை. அவர் கணக்கில் மீன் என்பது தட்டில் கிடக்கும் மீன் மட்டுமே.

அந்த வாசத்தின் பெயர் கட்சுஓபுஷி. சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கட்டைபோல் காயவைத்துச் சீவியெடுப்பது. மாசிக்கருவாட்டை அறிந்தவர்களுக்கு உடனே புரியும், ஏறக்குறைய அதே பொருள்தான். இதையும் கொம்புவையும் கொதிநீரில் ஊறவைத்து வடித்தெடுக்கும் சாறுக்கு 'தாஷி' என்று பெயர். நம் சமையலுக்குத் தாளிப்பு எப்படியோ, அவர்கள் சமையலுக்குத் தாஷி அப்படி. மிசோ சூப், நூடுல்ஸ் சாறு, மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த காய்கறி எல்லாவற்றிலும் அது உண்டு. வசதிக்கடைகளில் (கன்வீனியன்ஸ் ஸ்டோர்) குளிர்காலத்தில் விற்கும் 'ஓதென்' தொட்டியில் மிதக்கும் முள்ளங்கியும் மீன்சாறில் வெந்ததுதான்.

ஆகவே 'நான் சைவம்' என்று சொல்வதால் பயனில்லை, எதைச் சாப்பிடமாட்டீர்கள் என்று பெயர் சொல்ல வேண்டும். 'நிக்கு, சகானா, சகானா நோ தாஷி, ஸெம்பு தபேரரெமாசென்' என்றால் இறைச்சி, மீன், மீன்சாறு எதையும் உண்ண முடியாது என்று பொருள். இதை ஜப்பானிய எழுத்தில் பெரிதாக அச்சிட்ட அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி மொழிபெயர்ப்புச் செயலியைவிட அட்டைதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதைச் சமையலறைக்குள் எடுத்துச்சென்று சமையற்காரரிடமே காட்ட முடிகிறது. யுதோஃபு கடையில் தொட்டுக்கொள்ளும் சாறை வேண்டாம் என்று சொல்லி, வெறும் சோயா சாஸும் துருவிய இஞ்சியும் கேளுங்கள். இரண்டாம் பயணத்தில் அப்படித்தான் கேட்டோம், அம்மா இன்னொரு முறையும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

கேள்வியே கேட்காமல் உட்காரக்கூடிய உணவு 'ஷோஜின் ரியோரி' என்னும் கோயில் சமையல். இறைச்சி, மீன் மட்டுமல்லாமல் பூண்டு, வெங்காயமும் அதில் சேர்ப்பதில்லை. சாறும் கொம்புவிலிருந்தும் காய்ந்த ஷீதாகே காளானிலிருந்தும் எடுப்பது. கியோத்தோவின் மேற்குப் பகுதியான அரஷியாமாவில் தென்ரியூஜி கோயிலுக்குள்ளேயே ஷிகெத்சு என்ற உணவகம் இருக்கிறது. மதியம் மட்டும்தான், தோட்ட நுழைவுக் கட்டணம் தனி. பதினான்காம் நூற்றாண்டில் முசோ சோசெகி என்ற ஜென் துறவி அமைத்த குளத்தோட்டத்தைக் காலையில் சுற்றிவிட்டு, அங்கேயே சிவப்பு அரக்குக் கிண்ணங்களில் சாப்பிட்டால் பாதி நாள் நிறைவாகக் கழியும்.

வழியில் பசித்தால் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாங்குங்கள். வசதிக்கடைகளிலேயே சூடாகக் கிடைக்கும், கையையும் சூடாக்கும்.

ஐந்தாம் படி: கோயிலில் ஓர் இரவு

கோயாசான் 816 இல் கூகாய் என்ற துறவி நிறுவிய மலைத்தலம். ஏறத்தாழ 800 மீட்டர் உயரம், குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும். ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்களில் விருந்தினர் தங்கலாம். ஓசகாவின் நம்பா நிலையத்திலிருந்து நன்காய் ரயிலில் கொக்குரக்குபாஷி, அங்கிருந்து ஐந்து நிமிடம் கம்பிவட ரயில், பிறகு பேருந்து. கடைசிச் சாலையில் நடந்து போக அனுமதி இல்லை. இரவு உணவை மாலை ஐந்தரை, ஆறு மணிக்கே பரிமாறிவிடுவதால், ஐந்து மணிக்கு முன் கோயிலில் இருக்கும்படி ரயிலைத் தேர்ந்தெடுங்கள்.

அறையில் 'கொத்தாத்சு' என்னும், மெத்தை போர்த்திய சூட்டு மேசை இருக்கும், நடைபாதை மட்டும் பனிக்கட்டிபோல் இருக்கும். சாப்பாட்டில் எள்ளும் குட்ஸு கிழங்குமாவும் சேர்த்துக் கிளறிய எள் டோஃபுவும், இந்த மலையின் பெயரையே தாங்கிய கோயா டோஃபுவும் வரும். டோஃபுவைக் கடுங்குளிரில் உறையவிட்டு உலர்த்தினால், பஞ்சுபோல் சாறை உறிஞ்சும் கோயா டோஃபு கிடைக்கும். குளிரைச் சமையற்கருவியாகவே மாற்றியிருக்கிறார்கள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும், கொங்கோபுஜி கோயிலின் பன்ரியூதெய் கல்தோட்டத்துக்குப் போங்கள். 2,340 சதுர மீட்டர் பரப்பில் 140 பாறைகள், பனி விழுந்த பிறகு பாறைகளின் முதுகுகள் மட்டும் தெரியும். பத்தேகாலுக்குள் ஓக்குனோயின் இடுகாட்டின் உள்முனைக்குச் சென்றுவிடுங்கள். கூகாய் இன்னும் தியானத்தில் இருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. தினமும் காலை 6 மணிக்கும் 10.30 மணிக்கும் அவருக்குச் சாப்பாடு போகிறது. வெண்மரப் பெட்டியை இரண்டு துறவிகள் தோளில் சுமந்து, பனி படிந்த தேவதாரு மரங்களுக்கு நடுவே பேசாமல் நடந்து போவார்கள். வழியில் நிற்காமல் ஒதுங்கி, புகைப்படம் எடுக்காமல் பாருங்கள்.

பின்சேர்க்கை

கியோத்தோவிலிருந்து கனஸவாவுக்கு நேரடி தண்டர்பேர்ட் ரயில் என்று நான் முதலில் எழுதியிருந்ததை வாசகர் ஒருவர் திருத்தினார், அவருக்கு நன்றி. 2024 மார்ச் 16 முதல் அந்த ரயில் த்சுருகாவோடு நின்றுவிடுகிறது. அங்கே இறங்கி, மேல்தளத்தில் உள்ள ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலுக்கு மாற வேண்டும். மாறுவதற்குக் கிடைப்பது சில நிமிடங்களே. பெரிய பெட்டிகளைக் கியோத்தோ விடுதியிலிருந்தே கூரியரில் கனஸவாவுக்கு அனுப்பிவிட்டு, ஓர் இரவுக்கான துணியோடு கிளம்புங்கள்.

முட்டை பற்றி இருவர் கேட்டிருந்தார்கள். ஷோஜின் ரியோரியில் முட்டை கிடையாது. வெளிக் கடைகளில் மேலே சொன்ன வாக்கியத்தோடு 'தமாகோ' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.