பொழுதும் காற்றும் அறிந்து பூம்புகாரைப் பார்ப்பது எப்படி?

பூம்புகாருக்குச் செல்பவர்களில் பலர் நண்பகலில் வந்து இறங்கி, ஏழுநிலை மாடத்துடன் 1973-இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைச் சுற்றிப் பார்த்து, கடற்கரையில் சிறிது நேரம் நின்றுவிட்டு, பழைய நகரத்தைக் காணவே இல்லையே என்ற ஏமாற்றத்துடன் திரும்பிவிடுகிறார்கள். வந்த மாதமும், வந்த வேளையும், பார்த்த வரிசையுமே அந்த ஏமாற்றத்திற்குக் காரணம். அவை மூன்றையும் முன்கூட்டியே திட்டமிட்டுக்கொண்டால், காவிரிப்பூம்பட்டினம் என்ற துறைமுகத்தின் அமைப்பை ஒரே நாளில் ஓரளவு மனத்தில் கட்டியெழுப்பிவிட முடியும்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். தை, மாசி மாதங்களே மிகவும் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வயல்கள் இன்னும் ஈரமாக இருக்கும் காலம் அது. ஐப்பசி, கார்த்திகையில் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் இப்பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அப்போதுதான் பெய்கிறது. 2022 நவம்பர் 11, 12 தேதிகளை ஒட்டிய ஒரே நாளில், சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள சீர்காழியில் 44 செ.மீ. மழை கொட்டியதை நினைவில் கொண்டால், அடைமழைக் காலத்தில் இந்தத் தாழ்ந்த கடைமடை நிலம் என்ன பாடுபடும் என்பது விளங்கும். ஆனி, ஆடியில் மழை குறைவு. ஆனால் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முற்பகல் முழுவதும் அனலாக அடிக்கும், கடற்காற்று பிற்பகலில்தான் தலைகாட்டும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைத் திசைவாரியாகப் பெயர் சொல்லி அழைக்கும் மீனவர்களிடம் அன்றைய காற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது எந்தச் செயலியையும்விடப் பயன் தரும்.

அடுத்தது நேரம். இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது; பூம்புகாரோ ஏறக்குறைய 79.9 பாகையில் இருக்கிறது. எனவே இந்த ஊரின் சூரிய நேரம் நம் கடிகாரத்திற்குச் சராசரியாகப் பத்து நிமிடத்திற்குச் சற்று மேலாகப் பின்தங்கியிருக்கிறது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மணலில் ஒரு முழ நீளக் குச்சியை நேராக நட்டு, பதினொன்றரை மணி முதல் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கிளிஞ்சலை வைத்துக்கொண்டே வாருங்கள். நிழல் மிகக் குறுகும் கணமே அவ்வூரின் உண்மையான உச்சிப்பொழுது. பூமியின் சுற்றுப்பாதை முழு வட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், அந்தக் கணம் பிப்ரவரி நடுவில் 12.25 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 11.54-க்கே வந்துவிடும். ஏப்ரல் 19 வாக்கிலும் ஆகஸ்டு 24 வாக்கிலும் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருவதால் குச்சியின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துபோகும்.

இந்தச் சோதனை வெறும் விளையாட்டன்று. இந்நகரத்தில் வாழ்ந்தோரை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரம் நாழிகைக் கணக்கரையும் அவர்களுள் ஒருவராகக் குறிக்கிறது. நாளுக்கு அறுபது நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம் என்று அளந்து சொல்வது அவர்கள் தொழில். பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடந்த ஊருக்கு அது இன்றியமையாத பணியாக இருந்திருக்கும். அவர்கள் அளந்த பொழுது இந்த ஊரின் பொழுது என்பதை அந்தக் குச்சி நிழலருகே உட்கார்ந்திருக்கும்போது உணர முடிகிறது. எனக்கு அந்நகரம் மிக நெருக்கமாகத் தெரிந்தது அப்போதுதான்.

மாசியில் சூரியன் 6.30 மணியை ஒட்டி உதிக்கும். ஆகவே 6 மணிக்கே கரையில் இருங்கள். அலையின் இழுப்பு கடுமையாக இருப்பதாலும், கரையோரம் பாறாங்கற்கள் கொட்டப்பட்டிருப்பதாலும் இறங்கிக் குளிக்க வேண்டாம். அங்கிருந்து காவிரி கடலில் கலக்கும் இடத்திற்கு நடந்து செல்லுங்கள். கரிகாலனைப் போற்றும் பட்டினப்பாலை பாடும் பெருந்துறையை அந்த மெலிந்த முகத்துவாரத்தில் தேடினால் கிடைக்காது, ஏனெனில் காவிரியின் வெள்ளநீர் பெரும்பாலும் கொள்ளிடம் வழியே சென்றுவிடுகிறது.

வெயில் ஏறுவதற்குள் கடலுக்கு முதுகைக் காட்டி ஊருக்குள் திரும்புங்கள். என் அனுபவத்தில் இதுவே முக்கியமான படி. நகரம் முழுவதையும் கடல் கொண்டுவிட்டது என்று எண்ணிக் கடலையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிலத்தில் கிடைத்தவற்றைத் தவறவிடுகிறார்கள். 1960-களில் நடந்த அகழாய்வில் கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறையும், படகுகளைக் கட்டுவதற்கான மரத்தூண்களும் வெளிப்பட்டன. கரிமக் காலக்கணிப்பு அம்மரத்தைக் கி.மு. 3-ஆம் நூற்றாண்டு வாக்கினது என்று காட்டியது. வானகிரியில் நீர்த்தேக்க அமைப்பும், பல்லவனேசுவரம் பகுதியில் வரிசையான அறைகளைக் கொண்ட பௌத்த விகாரையும் கிடைத்தன. விகாரையின் செங்கல் அடித்தளத்தைப் பார்க்கும்போது ஒரு செங்கல்லின் அகலத்தை மட்டும் உங்கள் உள்ளங்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்றைய செங்கல் அதன் முன் சிறு துண்டுபோல் தோன்றும்.

உச்சி வெயிலில், கடல் அகழாய்வுப் பொருள்களுக்கென 1997-இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். அது திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள கோயில்களின் நடை நண்பகலில் சாத்தப்படும் என்பதால் திருச்சாய்க்காட்டையும் திருவெண்காட்டையும் மாலைக்கு ஒதுக்குங்கள்.

பௌர்ணமி நாளாக அமைந்தால் அன்று மட்டும் கோயில்களை முற்பகலுக்கு மாற்றிக்கொண்டு, மாலை ஆறு மணிக்கு மீண்டும் கரைக்கு வந்துவிடுங்கள். இக்கடற்கரை கிழக்கு நோக்கியது. சூரியன் ஊர்ப்பக்கம் மறையும் அதே வேளையில் நிலவு கடலிலிருந்து எழும். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி இந்திர விழா எடுத்த மக்கள் நின்று பார்த்திருக்கக்கூடிய காட்சி அது.