கிணற்றில் ஈ.கோலை: கண்டுபிடிப்பது, குளோரின் போடுவது, வரும் வழியை அடைப்பது

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல், தக்கலைப் பக்கம் ஐந்து சென்ட் மனையில்கூட ஒரு கிணறு இருக்கும். அதே மனையில் கக்கூஸ் குழியும் இருக்கும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையிலும் ஐப்பசி மழையிலும் நிலத்தடி நீர் ஏறும்போது இரண்டுக்கும் நடுவே வழி திறந்துகொள்கிறது. அதைக் காட்டிக்கொடுப்பது மலத்தில் இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா.

குழந்தைகளின் மலத்தில் இந்த பாக்டீரியாவைக் கண்டு 1885இல் விவரித்தவர் மருத்துவர் தியோடர் எஷெரிக். நம் குடலிலும் ஆடு மாடுகளின் குடலிலும் இயல்பாகவே வாழ்வது. பெரும்பாலான வகைகளால் கெடுதல் இல்லை. வைட்டமின் கே கூட உண்டாக்கித் தருகின்றன. நல்ல தீனியும் 37 டிகிரி சூடும் கிடைத்தால் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். அதனால்தான் மருந்துத் தொழில் இதைப் பிடித்துக்கொண்டது: 1978இல் மனித இன்சுலினை இதன் மூலம் உருவாக்கினார்கள், 1982இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. அதே உயிரி சிறுநீர்ப் பாதைக்குள் போனால் நோய். ஓ157:எச்7 என்ற வகை இரத்தக் கழிச்சலை உண்டாக்கி, சிறு குழந்தைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். இரத்தம் கலந்து போனால் வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்.

கிணற்றில் இருப்பது எந்த வகை என்று தேட வேண்டியதில்லை. ஈ.கோலை இருந்தால் மலம் கலக்கிறது. அதோடு டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வரலாம். 100 மி.லி. குடிநீரில் ஈ.கோலை ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்பது இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500).

மாதிரி எடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலையே வாங்குங்கள். அதைக் கழுவக் கூடாது, மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. மோட்டார் குழாய் என்றால் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். மேலே சற்று இடம் விட்டு மூடி, ஐஸில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். குளோரின் போட்ட தண்ணீர் என்றால் முன்பே சொல்லி, குளோரினை முறிக்கும் தயோசல்பேட் உள்ள பாட்டில் கேளுங்கள். அது இல்லாவிட்டால் போகும் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று, கெட்ட தண்ணீருக்கு நல்ல முடிவு வரும்.

20 மி.லி. ஊற்றி வைத்து, கறுக்கிறதா என்று பார்க்கும் எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு வாயு) சோதனைக் குப்பி மலிவானது, உதவியும் செய்யும். ஆனால் ஈ.கோலை பொதுவாக அந்த வாயுவை வெளியிடுவதில்லை. கறுக்க வைப்பவை மலத்தோடு வரும் வேறு பாக்டீரியாக்கள். கறுத்தால் குடிப்பதை நிறுத்துங்கள். கறுக்கவில்லை என்பதை மட்டும் நம்பிக் குடிக்க வேண்டாம்.

குளோரின் அளவுக்குக் கணக்கு இது: கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து அதையே அதனால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் 785ஆலும் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 3 மீட்டர் விட்டம், 2 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 14,100 லிட்டர். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் வீதம் 35 கிராம் வேண்டும். இது தெளிந்த கிணற்றுக்கான அளவு. கலங்கிய தண்ணீரில் சேறே குளோரினைத் தின்றுவிடும். முதலில் இறைத்துத் தெளியவிடுங்கள்.

இரவில், எல்லோரும் தண்ணீர் எடுத்து முடித்த பிறகு போடுவது நல்லது. பவுடரை பிளாஸ்டிக் வாளியில் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். அது கிணற்றுக்குள் போனால் தண்ணீரின் கடினத்தன்மை கூடும். தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிறு கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கொஞ்சம் தண்ணீரைத் தனியே எடுத்து, குளோரினைக் காட்டும் ஆர்த்தோடாலிடின் கரைசலை அதில் சொட்டிப் பாருங்கள். 10 வினாடிக்குள் தெரியும் மஞ்சள் நிறம்தான் வேறு எதனோடும் சேராமல் மிஞ்சி, கிருமியைக் கொல்லும் தனிக் குளோரினைக் காட்டுகிறது. லிட்டருக்கு 0.5 மி.கிராமுக்குக் குறைந்தால் இன்னும் போட வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும். அளவு சரியாக இருந்தும் நிறம் வராததற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

குளோரின் போட்டதும் ஈ.கோலை செத்துவிடும், மலம் வரும் வழி அப்படியே இருக்கும். ஆகவே வழியைத் தேடுங்கள். குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 15 மீட்டர் வேண்டும். அடித்தளம் பூசாத குழியானால் பூசிய செப்டிக் டேங்காக மாற்றுங்கள்; அதிலிருந்து வழியும் நீரும் கிணற்றுப் பக்கம் ஊறக் கூடாது. கிணற்று உறைகளின் இணைப்பைச் சிமெண்டால் அடையுங்கள். மழைநீர் அந்த இடுக்கில்தான் இறங்கும். கைப்பிடிச் சுவர் 75 செ.மீ. உயரமும், சுற்றிலும் ஒரு மீட்டர் சிமெண்ட் தளமும், நீர் வெளியே ஓடச் சரிவும் வேண்டும். கிணற்றடியில் ஆடு மாடு கட்டக் கூடாது.

குளோரின் முழுவதும் போன பிறகு, நல்ல மழை ஒன்று பெய்ததும் மறுமாதிரி எடுங்கள். கோடையில் எடுத்த சுத்தமான முடிவு மழைக்காலத்துக்கு உதவாது. மறுமாதிரியின் முடிவு சுத்தம் என்று வரும்வரை குடிநீரை நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிடுங்கள். குளோரினுக்குச் சாகாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளும் அதில் சாகும்.