வெளிநாட்டில் பிறக்கும் மகளுக்கு ஓர் அரிய தமிழ்ப் பெயர்

புது நாட்டுக்கு வந்த கையோடு குழந்தையும் பிறக்கப்போகிறது என்றால், வீடு, வேலை, வங்கிக் கணக்கு என்று ஓடுகிற ஓட்டத்தில் பெயர் யோசிப்பது கடைசிக்குப் போய்விடும். அப்படி விட்டுவிடாதீர்கள். பிறப்பைப் பதிவு செய்யக் கெடு உண்டு: இங்கிலாந்து, வேல்ஸில் 42 நாள், ஸ்காட்லாந்தில் 21 நாள். டென்மார்க்கில் ஏற்கப்பட்ட பெயர்களின் பட்டியலே இருக்கிறது. அதில் இல்லாத பெயருக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பிரசவத்துக்கு முன்பே இரண்டு மூன்று பெயர்களை முடிவு செய்து வைத்திருங்கள்.

"அரிய பெண் குழந்தைப் பெயர்கள்" என்று தேடினால் பட்டியல் பட்டியலாகக் கொட்டும். கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். இரண்டு அசைகளை ஒட்டவைத்துப் பக்கத்தில் "தேவதை" என்றோ "இளவரசி" என்றோ பொருள் போட்டிருப்பார்கள். அகராதியைப் புரட்டினால் அப்படி ஒரு சொல்லே இருக்காது. வெளிநாட்டில் வளரும் பெண்ணிடம் பள்ளி தொடங்கி அலுவலகம் வரை "உன் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவள் சொல்லும் பதில் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

எனக்குக் கைகொடுத்தது குறிஞ்சிப்பாட்டு. கபிலர் அதில் 99 பூக்களை அடுக்கிக்கொண்டே போகிறார். அந்த வரிசையில் வரும் வானி, பயினி, காயா மூன்றும் சின்னப் பெயர்கள். எந்த நாட்டுக்காரரும் தடுமாறாமல் சொல்லிவிடுவார். காயா நீலப்பூ, திருமாலின் நிறத்துக்கு அதைத்தான் உவமை சொல்வார்கள். ஆம்பல் என்பது அல்லி. குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது; நெடுநாள் காத்திருந்து பெற்ற மகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. அனிச்சமும் அந்த வரிசையில் இருக்கிறது. மோந்தாலே வாடிவிடும் பூ என்பதால் அதை மட்டும் நான் ஒதுக்கிவிட்டேன்.

பூ வேண்டாம், ஒரு பெண்ணின் பெயரே வேண்டும் என்பவர்களுக்குக் காப்பியங்கள் இருக்கின்றன. மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. வானத்தில் சிவப்பாக மின்னும் திருவாதிரை நட்சத்திரத்துக்கும் அதே பெயர்தான். மதுரைக்கு வந்த கண்ணகிக்கு அடைக்கலம் தந்தவள் மாதரி, அவள் மகள் ஐயை. ஊர்விட்டு ஊர் வந்திருக்கும் நமக்கு மாதரி என்ற பெயர் கொஞ்சம் கூடுதலாகவே மனதில் படும். சங்கப் புலவர்களில் நச்செள்ளை என்ற பெயரைப் பாருங்கள். நக்கீரன், நப்பின்னையில் சிறப்பைக் குறிக்க வருகிற அதே 'ந'தான் இதிலும் முன்னால் நிற்கிறது. பழமை வேண்டும் என்பவர்கள் துணிந்து வைக்கலாம்.

ஒரு சொல்லுக்கு இன்னொரு முகம் இருக்கிறதா என்றும் விசாரித்துவிடுங்கள். விளரி ஏழிசையில் ஒன்று, காதுக்கும் இனிமை. ஆனால் இரங்கல் பண்ணுக்கும் அதுதான் பெயர். ஆதிமந்தி சங்கப் புலவர்தான். மந்தி என்றால் பெண் குரங்கு என்பதும் வீட்டில் யாருக்காவது நினைவு வரும்.

அப்புறம் ஒலி. எங்கள் மூத்தவள் பெயர் எழில். தடுப்பூசி போடப் போன இடத்தில் செவிலியர் கோப்பைத் திறந்தார், ஒரு கணம் நின்றார், "எஸ்... ஹில்?" என்று எங்களை நிமிர்ந்து பார்த்தார். நான் நாக்கை மடித்துச் சொல்லிக் காட்டினேன். மூன்றாவது முறை "எரில்" என்றார். கிட்டே வந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. அதனால் ழகரத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், எங்களுக்கு அந்தப் பெயரில் வருத்தமே இல்லை. ஆனால் ழகரத்துக்கு நாம் வழக்கமாகப் போடும் இசட்-ஹெச் அங்கே எப்படி ஒலிக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஜெர்மன் மொழியில் இசட் 'ட்ஸ்' ஆகிவிடும். ஸ்பானிய மொழியில் ஜே 'ஹ' போல ஒலிக்கும். பெயரைத் தாளில் எழுதி அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் எதுவும் சொல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் மொழியில் அதற்கு வேறு ஏதாவது அர்த்தம் வருகிறதா என்றும் கேட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடும் நம் முறைக்குப் பல நாட்டுப் படிவங்களில் இடமில்லை. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டால், பிற்காலத்தில் கடிதங்களில் உங்கள் மகளை அந்தப் பெயரால்தான் விளிப்பார்கள். அது சரியா, இல்லை அம்மா பெயரா, பாட்டி பெயரா என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது ஆதிரைக்கு முதலில் ஒரு 'ஏ'யா, இரண்டு 'ஏ'யா? எதுவானாலும் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், பள்ளி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். பதிவாளர் கையெழுத்துக்கு நீட்டும் தாளை வாங்கியதும் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள், பக்கத்தில் இருப்பவரையும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை, படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.