ஒரே வன்தட்டை வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளிலும் பயன்படுத்துவது எப்படி?

வெளிப்புற வன்தட்டை ஒவ்வொரு கணினியிலும் மாறி மாறிச் செருகுவதைவிட, ஒரு கணினியில் நிலையாகப் பொருத்திவிட்டு, மற்றவை வைஃபை வழியாக அதை அணுகும்படி செய்துகொள்வது எளிது. இதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றுக்கும் பொதுவான எஸ்எம்பி (SMB) என்னும், கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்கான நெறிமுறையே போதும். தட்டில் நேரடியாக எழுதும் வேலையை, அது பொருத்தப்பட்டிருக்கும் முதன்மைக் கணினி மட்டுமே செய்யும். மற்றவை அதனிடம் கேட்டுத்தான் கோப்புகளைப் பெறும். முதன்மைக் கணினியில் விண்டோஸ் 11 இருப்பதாகக் கொண்டு படிகளைப் பார்ப்போம்.

படி 1: தட்டைத் தயார் செய்தல்

பெரும்பாலான நேரம் இயங்கிக்கொண்டிருக்கும் கணினியையே முதன்மைக் கணினியாகத் தேர்ந்தெடுங்கள். அது உறங்கிவிட்டால் பகிர்வும் நின்றுவிடும் என்பதால், செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் பகுதிக்குச் சென்று, மின்னிணைப்பில் இருக்கும்போது ஸ்லீப் நிலைக்குப் போகாதபடி மாற்றிவிடுங்கள். தட்டு என்டிஎஃப்எஸ் (NTFS) என்னும், விண்டோஸ் கோப்புகளைச் சேமிக்கும் வடிவில் இருப்பது நல்லது. ஃபேட்32 (FAT32) என்னும் பழைய வடிவில் 4 ஜிபி அளவுள்ள ஒரு தனிக் கோப்பைக்கூடச் சேமிக்க முடியாது. வடிவத்தை மாற்ற ஃபார்மேட் செய்தால் உள்ளிருப்பவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால், முதலில் அவற்றை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். மேக் கணினியால் என்டிஎஃப்எஸ் தட்டில் எழுத முடியாதே என்ற கவலை இங்கே வேண்டாம், எழுதுவது விண்டோஸ்தான்.

படி 2: பிணையத்தைத் தனிப்பட்டதாக்குதல்

செட்டிங்ஸில் உங்கள் வைஃபை இணைப்பின் பண்புகளைத் திறந்து, பிரைவேட் நெட்வொர்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் பக்கத்தில், பிரைவேட் பிரிவின் கீழுள்ள நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் இயக்குங்கள்.

படி 3: பகிர்வுக்கென ஒரு கணக்கு

தொடக்கநிலையினர் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். கணினியைத் திறக்கத் தினமும் பயன்படுத்தும் பின் (PIN) எண் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. மற்றொரு கணினியிலிருந்து பிணையம் வழியாக நுழையும்போது அது செல்லாது, கணக்கின் கடவுச்சொல்தான் வேண்டும். இந்தத் தொல்லையைத் தவிர்க்கக் கடவுச்சொல் பாதுகாப்பையே அணைத்துவிடும்படி சிலர் அறிவுறுத்துவார்கள். வைஃபை கடவுச்சொல் தெரிந்த விருந்தினர் எவரும் உங்கள் கோப்புகளைத் திறக்க அது வழிசெய்யும் என்பதால், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாறாக, செட்டிங்ஸின் அக்கவுண்ட்ஸ் பகுதியிலுள்ள அதர் யூசர்ஸ் பக்கத்தில், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத ஒரு உள்ளூர்ப் பயனரை உருவாக்கி, வலுவான கடவுச்சொல் ஒன்றைக் கொடுங்கள்.

படி 4: கோப்புறையைப் பகிர்தல்

தட்டு முழுவதையும் பகிராமல், அதில் ஒரு கோப்புறையை உருவாக்கி அதை மட்டும் பகிருங்கள். அதன்மேல் வலச்சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ், ஷேரிங், ஷேர் என்ற வரிசையில் சென்று, புதிய பயனரைச் சேர்த்து, ரீட்/ரைட் உரிமை அளியுங்கள். பார்த்தால் மட்டும் போதும் என்றால் ரீட் உரிமையே போதுமானது. முடிவில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளுடன் (\\) தொடங்கும் முகவரி ஒன்று தோன்றும்; அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: மற்ற கணினிகளை இணைத்தல்

மற்றொரு விண்டோஸ் கணினியில் திஸ் பிசி பக்கத்தைத் திறந்து, மேப் நெட்வொர்க் டிரைவ் என்பதைச் சொடுக்கி, அந்த முகவரியை இடுங்கள். ரீகனெக்ட் அட் சைன்-இன், வேறு பயனர் விவரங்களுடன் இணைத்தல் ஆகிய இரண்டு கட்டங்களையும் தேர்வு செய்துவிட்டு, பயனர்பெயர் கேட்கும் இடத்தில் முதன்மைக் கணினியின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, புதிய பயனரின் பெயர் என்ற வரிசையில் எழுதுங்கள். மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்ட், கே விசைகளைச் சேர்த்து அழுத்தி, smb://கணினியின் பெயர்/கோப்புறையின் பெயர் என்ற வடிவில் முகவரியைக் கொடுத்தால் போதும்.

இணைப்பு கிடைக்காவிட்டால்

இரு கணினிகளும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் உள்ள கருவிகளால் பொதுவாக மற்றவற்றைக் காண முடியாது. கணினிப் பெயரால் இணையாவிட்டால், அதற்குப் பதிலாக அதன் ஐபி முகவரியை, அதாவது பிணையத்தில் அந்தக் கணினிக்குரிய எண்ணை, இட்டுப் பாருங்கள். அப்படி இணைந்தால், அந்த எண் மாறாதிருக்க ரவுட்டரில் அதை ஒதுக்கிவையுங்கள். பழைய கருவி ஒன்றுக்காக எஸ்எம்பி 1 பதிப்பை மீண்டும் இயக்க வேண்டியிருந்தால், அந்தக் கருவியையே விட்டுவிடுவது மேல்; 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்னும் தீநிரல், அப்பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிகளுக்குள் நுழைந்தது. அதேபோல, வெளியூரிலிருந்து கோப்புகளை எடுக்கலாம் என்று எண்ணி, ரவுட்டரில் எஸ்எம்பி பயன்படுத்தும் 445 என்ற போர்ட்டை (இணைப்பு வாயிலை) இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

தட்டைக் கழற்ற நேர்ந்தால், மற்ற கணினிகளில் திறந்திருக்கும் கோப்புகளை எல்லாம் மூடச் சொல்லிவிட்டு, முதன்மைக் கணினியில் இஜெக்ட் கொடுத்த பிறகே கம்பியை உருவுங்கள்.