வீடு சந்திப்புக்குக் கிளம்புகிற பிள்ளைகளுக்கு

சந்திப்பு ஊழியத்துக்கு இந்த வருஷம் புதிதாகப் பெயர் கொடுத்திருக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. சபை ஒன்றில், பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து நோயாளிகள் வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் போய்வருகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. அதற்கு முன்னால் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பார்க்க வருகிறவர்கள் செய்கிற கூத்தையெல்லாம் வார்டில் நின்று வருஷக்கணக்காகப் பார்த்தவள். "எனக்கு ஜெபம் பண்ண வராதே, வசனம் மனப்பாடமா வராதே" என்று நீங்கள் தயங்குகிறீர்கள். அதெல்லாம் ஒரு குறையே இல்லை. சந்திப்பில் பாதி வேலை வாயை அடக்கிக்கொண்டு உட்காருவதுதான்.

வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணோடு கிடந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்களைப் பிரசங்கத்தில் எல்லாரும் திட்டுகிறோம். ஆனால் அவர்கள் முதலில் செய்தது சரியான காரியம். இரவும் பகலும் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யோபு புத்தகம் 2-ம் அதிகாரம் 13-ம் வசனத்தில் இருக்கிறது. 4-ம் அதிகாரத்தில் எலிப்பாஸ் வாயைத் திறந்ததும் காரியம் கெட்டது. 42-ம் அதிகாரத்தில் கர்த்தரே அவர்கள் மேல் கோபப்படுகிற அளவுக்குப் போய்விட்டது. கிளம்புவதற்கு முன் இந்த மூன்று இடத்தையும் ஒருதரம் வாசித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில் போன் பண்ணுங்கள். நோயாளிக்கு இல்லை, அவரைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு. எந்த நேரம் தோது என்று அவருக்குத்தான் தெரியும். காலையில் குளிப்பாட்டி, புண்ணுக்குக் கட்டு மாற்றி, கஞ்சி கொடுத்து முடிக்கவே பதினொரு மணி ஆகிவிடும். மத்தியானம் இரண்டு பேரும் கொஞ்சம் கண்ணயரும் நேரம். சாயங்காலம் நாலரை, ஐந்து மணி பெரும்பாலும் ஒத்துவரும். படுக்கையில் கிடக்கிற ஆச்சிக்கு ஒரு சீரியல் பிடிக்கும் என்றால் அந்த அரைமணி நேரத்தை அவரிடமிருந்து பறிக்காதீர்கள். பகல் முழுக்க அவர் அதற்காகத்தான் காத்திருப்பார்.

இரண்டு பேர் போனால் போதும். வேன் பிடித்துப் பத்துப் பேர் போய் இறங்கினால் அந்த வீட்டுக்காரி காபி போடவே நேரம் சரியாயிருக்கும். சளி, காய்ச்சல் இருந்தால் போகவே வேண்டாம். கேன்சருக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர் வீட்டுக்குப் போகும்போது தலையில் மல்லிகைப்பூ, சென்ட் எதுவும் வேண்டாம். அந்த வாசமே அவர்களுக்குக் குமட்டும். உள்ளே போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள், தையல் போட்டவருக்கு மெத்தை அசைந்தாலே வலிக்கும். ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி, அவர் முகத்துக்கு நேரே, அவர் கழுத்தைத் திருப்ப வேண்டாத இடத்தில் போட்டு உட்காருங்கள். அப்புறம், அவருக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு தலைமாட்டில் நின்றே "ரொம்ப மெலிஞ்சிட்டாங்களே, தேறுவாங்களா?" என்று கேட்பவர்கள் நம் சபையிலேயே உண்டு. கேட்கும். பேச்சு போனவருக்கும் பெரும்பாலும் காது நன்றாகவே கேட்கும்.

என்ன பேசுவது? வியாதி எப்படி வந்தது, எவ்வளவு செலவானது, ஏன் அந்த டாக்டரிடம் போனீர்கள் என்பதெல்லாம் போலீஸ் விசாரணை. "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான் வந்துச்சு" என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள், அந்தச் சித்தப்பா இப்போது கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். "ஆண்டவர் ஏதோ ஒரு நோக்கத்தோடதான் இதைத் தந்திருக்கார்" என்பதும் வேண்டாம். அந்த நோக்கம் உங்களுக்குத் தெரியாது. "விசுவாசம் இருந்தா இந்நேரம் எழுந்திருப்பீங்க" என்று ஒருத்தர் சொல்லிவிட்டுப் போன வீட்டுக்கு மறுநாள் போய்ப் பார்த்தால் தெரியும், அந்த மனுஷர் தன் வியாதியோடு தன் விசுவாசத்தையும் சேர்த்துச் சந்தேகப்பட்டுக்கொண்டு கிடப்பார்.

இதை எங்கள் பக்கத்திலேயே ஒருவர் நன்றாக உணர்ந்திருக்கிறார். டோனாவூரில் பிள்ளைகளுக்காக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் விழுந்து அடிபட்டார். 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார். சுகமாயிருக்கிறவர்கள் நோயாளிகளுக்கு எழுதுகிற ஆறுதல் நோயாளியின் மனசில் ஒட்டுவதில்லை என்று கண்டு, படுக்கையில் இருந்துகொண்டே நோயாளிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். நாம் நடந்து போய்ச் சந்தித்துவிட்டு நடந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். அது நம் பேச்சில் கொஞ்சம் அடக்கத்தைக் கொண்டுவர வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், இதை நர்ஸாகவே சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்ல நமக்கு அதிகாரமே கிடையாது. ஜெபித்தாயிற்று, இனி சர்க்கரை மாத்திரை வேண்டாம், வலிப்பு மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துப் பேசுங்கள். டி.பி. மருந்தைப் பாதியில் விட்டால் அப்புறம் மருந்துக்கு அடங்காத டி.பி.யாக அது திரும்பி வரலாம். எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லி யாக்கோபு 5-ம் அதிகாரத்தில் இருக்கிறது, சரி. சபைப் பெரியவரான மூப்பரை அழைத்துச் செய்யுங்கள். பவுலோடு கூடவே போன லூக்கா வைத்தியர் என்பதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது.

நான் போகிற வீட்டிலெல்லாம் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "எதுக்காக ஜெபிக்கட்டும்?" நாமே தீர்மானித்துக்கொண்டு போனால் முக்கால்வாசி நேரம் தப்பாகத்தான் இருக்கும். இடுப்பெலும்பு முறிந்து கிடந்த ஒரு அண்ணாச்சியிடம் கேட்டபோது, "கால் சங்கதி ஆண்டவருக்குத் தெரியும்மா. எம் பொண்டாட்டி ராத்திரியெல்லாம் தூங்காம என்னைப் புரட்டிப் புரட்டிப் போடுதா. அவளுக்குத் தூக்கம் வரணும்னு ஜெபி" என்றார். அந்த அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஜெபித்தது மூன்று வரிதான் இருக்கும். அதற்குமேல் அங்கே ஒன்றும் தேவைப்படவில்லை.

வாசிப்பதற்குச் சின்னப் பகுதியாக எடுங்கள். 23-ம் சங்கீதம் ஆறு வசனம், 121 எட்டு வசனம், இரண்டும் எங்கேயும் ஒத்துவரும். 90-ஐத் தவிர்த்துவிடுங்கள். நல்ல சங்கீதம்தான், ஆனால் அடக்க ஆராதனையில் கேட்டுக் கேட்டுப் பழகின காதுக்கு, "என்னை இப்பவே அனுப்பப் போறாங்களா" என்று தோன்றும். கோபத்தில் இருப்பவர்களுக்கு 88. அதில் கடைசிவரை ஆறுதலே வராது. ஆண்டவரிடம் இப்படியும் பேசலாமா என்று ஆச்சரியப்பட்டு ஒரு அக்கா அதை மறுபடி வாசிக்கச் சொன்னார். ஜெபம் இரண்டு நிமிஷத்துக்குமேல் வேண்டாம். ஜெபத்துக்குள்ளே பிரசங்கம் கூடாது.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மாதிரி பெரிய வார்டுக்குப் போனால் குரலைத் தாழ்த்துங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் வேறு சாமி கும்பிடுகிறவராக இருப்பார், அவருக்கும் வலிதான். அவரையும் "எப்படி இருக்கீங்க அண்ணாச்சி?" என்று கேளுங்கள், தண்ணீர் பாட்டில் நிரப்ப வேண்டுமென்றால் நிரப்பிக் கொடுங்கள். எழுந்து போக முடியாத மனுஷர் கையில் துண்டுப்பிரதியைத் திணிப்பது எனக்குப் பிடிக்காது. அவர் கேட்டால் பேசலாம்.

ஞாபகமறதி வந்த பெரியவர்கள் வீட்டுக்குப் போக நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அங்கேதான் நமக்கு வேலை சுலபம். "என்னைத் தெரியுதா ஆச்சி?" என்று பரீட்சை வைக்காதீர்கள். நீங்களே பெயரைச் சொல்லி, "ஸ்தோத்திரம் ஆச்சி, கோயில்ல இருந்து வந்திருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் பாடுங்கள். புதுப் பாட்டு வேண்டாம், அவர்கள் ஓய்வுநாள் பள்ளியில் படித்த பழைய கீர்த்தனையாகப் பார்த்து, மெதுவாக. மகளையே அடையாளம் தெரியாத ஒரு ஆச்சி எங்கள் சபையில் இருந்தார். நாங்கள் பல்லவி பாடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சரணத்துக்கு வந்ததும் நாங்கள் புத்தகத்தைப் புரட்டுவோம், அவர் புத்தகமில்லாமல் பாடுவார். வலது கை மட்டும் போர்வைமேல் தாளம் போடும். இரண்டாம் சரணத்தில் நாங்கள் ஒரு வார்த்தையை மாற்றிப் பாடிவிட்டால் முகத்தைச் சுளிப்பார். அந்த மகள் அதைப் பார்ப்பதற்காகவே எங்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவாள்.

வெறுங்கையோடு போகக்கூடாது என்று நமக்கு ஒரு பழக்கம். ஹார்லிக்ஸ், பிஸ்கட், திராட்சை, இளநீர். சர்க்கரை இருப்பவருக்கு அதில் பாதி ஆகாது. சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்கிறவருக்கு இளநீர் ஆபத்து. அதிலிருக்கிற பொட்டாசியத்தை அவர் உடம்பு வெளியேற்றாது, இருதயத்துக்கே வந்துவிடும். வாழைப்பழமும் அப்படித்தான். கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். நான் பெரும்பாலும் ஒரு தூக்குவாளியில் இட்லி மாவு கொண்டுபோவேன். அது நோயாளிக்கு இல்லை, அவரைப் பார்த்துக்கொள்கிற மகளுக்கோ மருமகளுக்கோ. இரண்டு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக் கவலை அவளுக்குத் தீரும்.

அந்த மகளைப் பற்றித்தான் சபை அதிகமாக மறந்துபோகிறது. கட்டிலில் இருப்பவரை எல்லாரும் விசாரிப்பார்கள். அவள் கோயிலுக்கு வந்து எத்தனை மாசம் ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் அந்த வீட்டில் போய் உட்காருங்கள், அவள் போய் ஆராதனையில் உட்கார்ந்து, திருவிருந்து அப்பமும் ரசமும் எடுத்துவிட்டு வரட்டும். நீங்கள் சாயங்கால ஆராதனைக்குப் போய்க்கொள்ளலாம். முந்தின நாளே போய் மாத்திரை எங்கே இருக்கிறது, பெட்பேன் எப்படி வைப்பது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம்தான். நான் பார்த்தவரையில் இதைவிடப் பெரிய சந்திப்பு ஊழியம் கிடையாது. ஆனாலும் பெயர் கொடுக்க ஆள் குறைவு, பாட்டுப் பாடப் போவதற்கு ஆள் அதிகம்.

படுக்கையில் இருப்பவர் திருவிருந்து கேட்டால் சபைப் போதகரான ஐயரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து கொடுப்பார். விழுங்குவதில் சிரமம் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, துவைத்த வெள்ளைத் துணி போதும்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் "ஒரு ஜெபக்குறிப்பு" என்று எழுந்து நின்று, ஒரு வீட்டுக் கதையை முழுசாகச் சொல்கிறோம். எந்த இடத்தில் கட்டி, மகன் பணம் அனுப்புகிறானா இல்லையா, மருமகள் எப்படிப் பார்த்துக்கொள்கிறாள், எல்லாம் வந்துவிடும். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஏறிவிடும். புறம்பேச்சுக்கு முக்காடு போட்டு ஜெபம் என்று பேர் வைத்திருக்கிறோம். அந்த வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் எவ்வளவு சொல்லலாம் என்கிறார்களோ அவ்வளவு மட்டும் சொல்லுங்கள். "இன்னாருக்குச் சுகம் வேண்டும்" என்றாலே ஆண்டவருக்குப் புரியும், அவருக்கு ஸ்கேன் ரிப்போர்ட் தேவையில்லை. வீட்டில் எடுத்த போட்டோவை ஸ்டேட்டஸில் போடுவதும் இதில்தான் சேரும்.

துக்க வீடு வேறு மாதிரி. முதல் வாரம் பந்தலும் நாற்காலியுமாக வீடு நிறைந்திருக்கும், நீங்கள் போய்ச் செய்வதற்கு அதிகம் இல்லை. செருப்பை ஒழுங்குபடுத்தலாம், டம்ளர் கழுவலாம். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற வசனத்தை அன்றைக்கு எடுக்காதீர்கள். அது உண்மைதான். ஆனாலும் செத்துப்போன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிற இயேசுவே கல்லறைக்குப் போகிற வழியில் முதலில் கண்ணீர்தான் விட்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் ரயில் ஏறின பிறகு போங்கள். இரண்டு வாரம், ஒரு மாசம் கழித்து. போனவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் அழுவார்களே என்று நாம் தவிர்க்கிறோம், அவர்களோ யாராவது அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்களா என்று இருப்பார்கள்.

முதல் கிறிஸ்மஸ் கஷ்டமான நாள். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் பட்டியல் போடும்போது அந்த வீட்டைத் தவிர்க்கலாமா என்று பையன்கள் கேட்பார்கள். அந்த வீட்டிலேயே கேளுங்கள். வரச் சொன்னால் ஒன்பது மணிக்கு முன்னால் போய், டிரம் இல்லாமல் ஒரு பாட்டு பாடிவிட்டு வாருங்கள். கணவர் இறந்த அக்காவை அடுத்த கல்யாண வீட்டு ஜெபத்துக்கு முன்வரிசையில் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நம் வீடுகளிலும் அவர்களைப் பின்னால் ஒதுக்குகிற வழக்கம் இன்னும் போகவில்லை.

கடைசியாக, காகித வேலை. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், தாண்டினால் தாமதக் கட்டணம், அலைச்சல். ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் அங்கிருந்தே தகவல் போயிருக்கும், வீட்டில் இறந்திருந்தால் வீட்டார்தான் சொல்ல வேண்டும். சான்றிதழ் வாங்கும்போதே நாலைந்து பிரதியாக வாங்கிவிடச் சொல்லுங்கள். பேங்க், இன்சூரன்ஸ், குடும்ப பென்ஷன் என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்பார்கள். சபையில் ஓய்வு பெற்ற கிளார்க் அண்ணாச்சிமார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சந்திப்புக்குக் கூப்பிட்டால் "எனக்கு ஜெபிக்கத் தெரியாதும்மா" என்று நழுவுவார்கள். பென்ஷன் படிவம் நிரப்பத் தெரியுமல்லவா, அதற்கு வரச் சொல்லுங்கள். அந்த அக்காவிடம் ஆதார் கார்டு, பாஸ்புக், பாஸ்போர்ட் அளவுப் படம் மூன்றும் எடுத்து வைக்க முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். படம் இல்லையென்றால் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம்.