கண் வேலைக்கு முதல் வாரம்

வெளிநாட்டிலிருந்து விடுப்பில் ஊருக்குப் பெட்டி கட்டும்போதே பட்டியலும் தயாராகிவிடும்: கல்யாணம், கோயில், பல் டாக்டர், தையல்காரர், கண்ணாடி. இதில் கண்ணாடிதான் எப்போதும் கடைசி. நானும் அப்படித்தான் செய்தேன். விமானம் ஏற இரண்டு நாள் இருக்கும்போது ப்ரோகிரசிவ் கண்ணாடிக்கு (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் கோடில்லாத ஒரே லென்ஸ்) ஆர்டர் கொடுத்து, கிளம்பும் அன்று மதியம் போய் வாங்கினேன். கடை வாசலில் இறங்கும்போதே படிகள் மேலே எழும்பி வருவதுபோல இருந்தது. "போடப் போடச் சரியாயிடும் சார்" என்றார்கள். ஆகவில்லை. இடது கண் லென்ஸின் மையம் மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று இங்கே திரும்பி வந்தபின் ஒருவர் அளந்து சொன்னார். இன்னும் ஒரு வாரம் ஊரில் இருந்திருந்தால் கடைக்காரரே மாற்றிக் கொடுத்திருப்பார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. திரும்பிப் போய் நிற்க எனக்குத்தான் நாளில்லை.

கண் வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கணக்கு உண்டு. எதைச் செய்துகொள்ளலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்பதைத் திரும்பும் டிக்கெட்டில் உள்ள தேதியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இடத்துக்குத் தமிழ்நாட்டில் குறைவில்லை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. டாக்டர் ஜி. வெங்கடசாமி ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த், இன்று கோவை, திருநெல்வேலி, சேலம், புதுச்சேரி, சென்னை என்று பல ஊர்களில் இருக்கிறது. சென்னையில் 1978 முதல் சங்கர நேத்ராலயா. எங்கே போனாலும் காலையிலேயே போய்விடுங்கள், வேறு எந்த வேலையையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பதிவு, பார்வை அளவு, பவர் சோதனை, கண் அழுத்தம், சொட்டு மருந்து, காத்திருப்பு, கடைசியில் டாக்டர் என்று பாதி நாள் போய்விடும்.

அந்தச் சொட்டு மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்பாப்பாவை, அதாவது கண் நடுவில் உள்ள கறுப்புத் துளையை, விரிய வைத்து, உட்புறத்தில் உள்ள விழித்திரையைப் பார்ப்பதற்காக அதை விடுகிறார்கள். நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டத்தில் எதுவும் தெளியாது. போன முறை மருத்துவமனை வாசலில் நின்று ஆட்டோ கூப்பிட ஃபோனை எடுத்தேன். திரை முழுக்க வெளிச்சம், எழுத்தே இல்லை. கையை நீட்டி, சுருக்கி, கடைசியில் பக்கத்தில் நின்ற ஒரு பையனிடம் ஃபோனைக் கொடுத்து "தம்பி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா" என்றேன். மதிய வெயிலில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள், வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் குறுகல் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால், மருந்து விடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கு என்ன மருந்து என்று கட்டாயம் கேளுங்கள். சைக்ளோபென்டோலேட் என்றால் ஒரு நாளில் தெளிந்துவிடும். அட்ரோபின் என்றால் ஒரு வாரத்துக்கு மேலும் கிட்டத்தில் பார்ப்பது மங்கலாக இருக்கலாம். வாங்கி வந்த கதைப் புத்தகம் பையிலேயே கிடக்கும்.

இறங்கிய மறுநாளே பவர் பார்க்க ஓட வேண்டாம். நீண்ட விமானப் பயணத்தில் கண் காய்ந்திருக்கும். இரண்டு மூன்று நாள் தூங்கி எழுந்தபின் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். விருந்து சாப்பாட்டில் சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நீரை இழுத்துப் பவரே மாறிவிடும். அன்றைய அளவில் செய்த கண்ணாடி அடுத்த மாதம் ஒத்து வராது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் எத்தனை நாள் முன்பு கழற்ற வேண்டும் என்று நேரம் வாங்கும்போதே கேளுங்கள். கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசர் ஆபரேஷனான லேசிக்குக்கு அளவெடுப்பதென்றால் மென்மையான லென்ஸைக்கூட ஒன்றிரண்டு வாரம் போடக்கூடாது.

கண்ணாடிச் சீட்டை வாங்கியதும் இரண்டு கண்பாப்பாவுக்கும் இடையிலான தூரம், அதாவது பி.டி., எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. கேட்டு, இடது வலது தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ப்ரோகிரசிவ் என்றால், தேர்ந்தெடுத்த ஃபிரேமை முகத்தில் போட்டு உயரத்தையும் குறிக்க வேண்டும். எனக்குச் சொதப்பியது இந்த அளவெடுக்கும் வேலைதான். இன்னொன்று: ஊர்ச் சீட்டும் வெளிநாட்டுச் சீட்டும் வேறு வேறு எண்களாக இருந்தால் பதறாதீர்கள். +1.00 ஸ்பியர் (அடிப்படைப் பவர்), -0.50 சிலிண்டர் (ஒரு திசைக்கு மட்டுமான கூடுதல் பவர்), அச்சு (அந்தச் சிலிண்டரின் கோணம்) 90 என்பதும், +0.50 ஸ்பியர், +0.50 சிலிண்டர், அச்சு 180 என்பதும் ஒரே கண்ணாடிதான். எழுதும் முறை மட்டும் வேறு.

சரி, ஆபரேஷன். கண்புரைக்குச் செய்துகொண்டால் மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று பார்க்க வரச் சொல்வார்கள். சொட்டு மருந்து நாலு முதல் ஆறு வாரம். புதுக் கண்ணாடிக்கான பவரும் அதற்குப் பிறகுதான் நிலைக்கும். மூன்று வார விடுப்பில் இரண்டு கண்ணையும் முடித்துக்கொண்டு வருகிறேன் என்பவர்களை நான் தடுத்துத்தான் பேசுவேன். செய்தே ஆக வேண்டுமென்றால் வந்த வாரமே ஒரு கண்ணுக்குச் செய்துகொள்ளுங்கள்; உள்ளே வைத்த லென்ஸின் பெயரும் பவரும் உள்ள அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

விழித்திரை விலகி, அதற்கான ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால் கதையே வேறு. மேலே போகப் போக காற்றழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் வாயு விரியும், கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடலாம். எந்த வாயு என்பதைப் பொறுத்து அது கரைய இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அதுவரை விமானம் கூடாது, ஊட்டி, கொடைக்கானல்கூடக் கூடாது. டிக்கெட் பணம் போனால் போகட்டும்.

குளுக்கோமாவுக்கு (கண் நரம்பு மெல்லக் கெடும் நோய், பெரும்பாலும் கண் அழுத்தம் ஏறி வருவது) சொட்டு மருந்து போடுபவர்கள் பயண நாட்களைவிடக் கூடுதலாக ஒரு பாட்டில் எடுத்து, கைப்பையில் வையுங்கள். லடானோபிராஸ்ட் என்றால் திறக்காத பாட்டில் பெரும்பாலும் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். திறந்ததும் 25 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. மே மாத வெயிலில் காரில் விட்டுவிட்டு மண்டபத்துக்குள் போனால் மருந்து மருந்தாக இருக்காது. நான் அத்தை வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் பெயர் எழுதி வைத்தேன், முட்டைக்குப் பக்கத்தில். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இந்த நோய் இருந்தால் உங்கள் கண் அழுத்தத்தையும், கண் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் இது வலிக்காது, தெரியவும் தெரியாது.

அப்புறம் மெட்ராஸ் ஐ. 1918இல் சென்னையில் பரவியதால் வந்த பெயர் என்பார்கள். பெரும்பாலும் வைரஸ்தான்; ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். கையைக் கழுவுங்கள், துண்டு, தலையணை தனியாக வையுங்கள், லென்ஸைக் கழற்றிவிடுங்கள். "போன தடவை இதுதான் கேட்டுச்சு" என்று சித்தப்பா நீட்டும் பாட்டிலை மட்டும் வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். சிவப்பு உடனே குறையும், ஆனால் சில தொற்றுகளை அது மோசமாக்கும், தொடர்ந்து போட்டால் கண் அழுத்தத்தையும் ஏற்றும். வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பட்டால் கூச்சம் என்றால் மெடிக்கல் ஷாப்புக்கு அல்ல, டாக்டரிடம் போங்கள். லென்ஸோடு கிணற்றிலோ ஆற்றிலோ இறங்குவதும் வேண்டாம். நன்னீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைப் புண்ணாக்கினால் மாதக்கணக்கில் வைத்தியம்.

பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாமல் கைப்பையிலேயே வைத்திருங்கள். அன்றைக்கு விமானத்தில் நான் படித்ததும் சாப்பிட்டதும் அதைப் போட்டுக்கொண்டுதான்.