எழும்பியதும் என்ஜின் நின்றால்: புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையப் பயிற்சி விமானிகளுக்கு

பறக்கும் முன் முதல் வேலை எரிபொருள் சோதனை. இறக்கைக்கு அடியிலுள்ள வடிகால் வால்விலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். 100 எல்.எல். (ஈயம் குறைந்த) விமானப் பெட்ரோல் இளநீல நிறமுடையது. தண்ணீர் கலந்திருந்தால் அது நிறமற்ற குமிழாக அடியில் தங்கும். குப்பியில் தண்ணீரையும் பெட்ரோலையும் பிரிக்கும் கோடு எதுவும் தெரியவில்லை என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. நீலமே இல்லையென்றால் பிடித்தது முழுவதும் தண்ணீராக இருக்கலாம். புதுச்சேரியின் கடலோர ஈரப்பதத்தில், பாதி நிரம்பிய டாங்குடன் இரவு முழுவதும் நின்ற விமானத்துக்கு இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

ஓடுபாதையில் ஓடும்போது என்ஜின் சத்தம் மாறினாலோ வேகமானி தயங்கினாலோ, உடனே த்ராட்டிலை (என்ஜின் விசையைக் கட்டுப்படுத்தும் பிடி) முழுவதும் இழுத்து, பிரேக் பிடித்து நிறுத்திவிட வேண்டும்.

சக்கரம் தரையை விட்ட பிறகு என்ஜின் நின்றால், உடனே விமானத்தின் மூக்கைத் தாழ்த்த வேண்டும். செஸ்னா 172 விமானத்தில், மாதிரியைப் பொறுத்து, ஏறத்தாழ 65 நாட் வேகத்தில் மிதந்து இறங்கலாம். இந்த நொடியில் ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்ற ஆசை எழும். உயிரைக் குடிப்பது பெரும்பாலும் அந்த ஆசைதான். 45 பாகை சாய்ந்து திரும்பும்போது ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) ஏறத்தாழ 19 சதவீதம் கூடுகிறது. ஓடுபாதையின் நேர்க்கோட்டில் மீண்டும் சேர வேண்டுமென்றால் 180 பாகைத் திருப்பம் போதாது. அதற்கெல்லாம் தேவையான உயரம் அப்போது கையில் இருக்காது. லாஸ்பேட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிற்பகலில் கடற்காற்று வீசும்போது கிழக்கு நோக்கியே எழும்புகிறோம் என்பதால், திரும்பினால் அதே காற்று முதுகில் தள்ள, தரைவேகம் கூடிய நிலையில் இறங்க நேரிடும்.

ஆகவே நேராகவோ, இருபுறமும் சற்றே விலகியோதான் இறங்க வேண்டும். எதிரே வீடுகள், அவற்றுக்கு அப்பால் கடல். எந்த உயரத்தில் எந்தத் திறந்தவெளி எட்டும் என்பதைப் பயிற்றுநருடன் முன்கூட்டியே பேசி முடிவு செய்து, ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். திருப்பத்தை யோசிக்கத் தகுந்த குறைந்தபட்ச உயரத்தையும் அப்போதே நிர்ணயித்துக்கொள்வது நல்லது.

நேரமிருந்தால், தரை தொடுமுன் எரிபொருள் வால்வை மூடி, மிக்ஸ்சர் பிடியை (எரிபொருள்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்துவது) முழுவதும் இழுத்து, மின்சாரம் முழுவதற்குமான மாஸ்டர் சுவிட்சை அணைத்து, கதவுகளின் தாழைத் திறந்து வைக்க வேண்டும். மோதலில் விமானத்தின் சட்டகம் வளைந்தால் கதவு சிக்கிக்கொள்ளும். கடலில் இறங்க நேர்ந்தால், உயிர்காப்புச் சட்டையை வெளியே வந்த பிறகே ஊத வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு ‘மேடே’ என்ற அபாய அழைப்பைச் சொல்வது விமானம் கட்டுக்குள் வந்த பிறகுதான். ஆனால் மாஸ்டரை அணைத்துவிட்டால் ரேடியோவும் போய்விடும் என்பதால், சொல்வதை அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.